பழைய வருஷத்துத் தண்ணீர்

எரிந்துபோன மோட்டாரோடுகூடப் பேசுகிற மனிதர் பெரியநாயகசாமி. திருவிடைமருதூர் கடைத்தெருவில் முப்பத்திரண்டு வருஷமாகப் பம்புசெட்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறார். மூடியைக் கழற்றும்போதே, "என்னடி இப்படிக் கருகிப்போயி வந்துருக்க? தண்ணியில்லாத போர்ல வச்சி ஓட்டுனானா ஒன்ன?" என்று விசாரணையை ஆரம்பித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட வாய், பெற்ற பிள்ளை ஆறு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்து பத்து நாளாகியும் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

அடியோடு பேசவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தங்கை ரோஸ்லின் வழியாகப் பேசினார். மகன் எல்வின் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இவர் அடுக்களைப் பக்கம் திரும்பி, "ரோஸ்லினு, கொழம்பு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்பார். அவன் மட்டும் லேசுப்பட்டவனா? அப்பனுக்குப் பிள்ளைதானே. தட்டைப் பார்த்துக்கொண்டே, "போதும்னு சொல்லுங்கத்த" என்பான். கரண்டியும் கையுமாக நடுவில் நிற்கும் ரோஸ்லினுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா நடத்துறேன்? இருக்கறது நாலடி தூரம், இதுக்கு ஒரு ஆளு" என்று முணுமுணுத்துக்கொண்டே குழம்பை ஊற்றிவிட்டுப் போவாள்.

இத்தனைக்கும் மகன்மேல் உயிரையே வைத்திருந்தவர். எல்வின் கேட்டரிங் படித்துவிட்டு உல்லாசக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனான். கரீபியன் கடலில் போர்ட்டோ ரிக்கோ என்று ஒரு தீவு. கப்பல் வாராவாரம் அங்கே போய் நிற்கும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடை, அந்த ரொட்டிக்கடையில் யாரிட்ஸா என்று ஒரு பெண். அப்புறம் கேட்க வேண்டுமா? ஒப்பந்தம் முடிந்ததும் கப்பலை விட்டு இறங்கி, அங்கேயே ஓர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து, மாதா கோயிலில் வைத்து அவளைக் கல்யாணமும் பண்ணிக்கொண்டான். எல்வினின் அம்மா அருள்மேரி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், "கத்தோலிக்கப் பொண்ணுதானே, மாதா அங்கயும் இருக்காங்கல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியநாயகசாமி ஓர் உலகப் படம் வாங்கி வந்து கடைச் சுவரில் ஒட்டினார். கடுகளவு இருந்த தீவைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு, மோட்டார் தூக்கி வருகிறவனிடமெல்லாம், "எம்மவன் இங்க இருக்கான். நமக்குக் காலையில ஒம்பதரைன்னா அவனுக்கு நடுராத்திரி பன்னெண்டு" என்று கணக்குச் சொல்லுவார்.

போன மே மாதத்திலிருந்து அந்தப் படத்தின்மேல் ஒரு காலண்டர் தொங்குகிறது.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கொடியில் துணி உலர்த்திவிட்டு வந்த அருள்மேரி, "நெஞ்ச என்னமோ பண்ணுதுங்க" என்று ஹாலில் உட்கார்ந்தவள்தான். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எல்வினால் வரமுடியவில்லை. அங்கே தங்குவதற்கான பேப்பர் கைக்கு வராமல் தீவை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம். போனில்தான் பார்த்தான். ஹாலில் பெட்டி, பெட்டியைச் சுற்றி ஆறு மெழுகுத்திரி, தலைமாட்டில் ரோஸ்லின் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டியை மூடுகிற நேரம் பார்த்து சிக்னல் போய், எல்வின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. மனைவியைக் கடைசியாக ஒருதரம் பார்க்க நிமிர்ந்த பெரியநாயகசாமியின் கண்ணில் அந்த அசையாத முகம்தான் பட்டது. "பெத்தவள மூடுறத போன்ல பாக்குறான். அதுவும் பாதில நின்னுபோச்சு" என்ற நினைப்பு அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை.

அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குப் போகிறவர்களானாலும் சர்ச்சுக்குப் போகிறவர்களானாலும் அதில் வித்தியாசம் கிடையாது. இறந்தவரைத் தூக்கிக்கொண்டு போனதும் வீட்டில் நிற்கும் பெண்கள் உள்ளிருந்து வாசல்வரை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். ரோஸ்லினும் பக்கத்து வீட்டு நாகம்மாளும் வாளியோடு தயாராக நின்றார்கள். பெட்டிக்குப் பின்னால் தள்ளாடிக்கொண்டு போன பெரியநாயகசாமி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள விழக்கூடாது. புள்ள வரல. புள்ள வந்தப்பறம் அவன் கையால கழுவிக்கலாம்" என்று அத்தனை ஜனத்துக்கு முன்னால் கத்தினார். கல்லறைக்குக் கிளம்பின கூட்டம் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுபோயிற்று.

ஏழு மாதம். ஹாலில் துடைப்பம் பட்டது, தண்ணீர் படவில்லை. ஆறு மெழுகுத்திரியும் உருகி ஒழுகிய இடத்தில் ஆறு வெள்ளை வட்டம், தரையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பெரியநாயகசாமி அவற்றை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு நடப்பார். "எழவு கழுவாத வீடுண்ணே, நல்லதா இது?" என்று நாகம்மாள் மாதத்துக்கு ஒருதரமாவது கேட்பாள். "எம்மவன் வரட்டும்" என்பார். வேறு பேச்சே கிடையாது.

மகனும் வந்தான். பேப்பர் கைக்கு வந்த மறு வாரமே பெண்டாட்டியோடு கிளம்பி, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் வந்து இறங்கினான். வாசலுக்கு வந்ததும் அங்கேயே விழுந்து அழுவான், 'அம்மாவ எங்கப்பா வச்சிருந்தீங்க?' என்று கேட்பான், அப்போது வாளியை எடுத்துக் கொடுக்கலாம் என்று பெரியநாயகசாமி ஏழு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். எல்வின் ஹாலில் நின்று சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தான். பெட்டிகளைக் கீழே வைத்தான். விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் முகம் கழுவினான். திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. 'பெத்தவ படத்துக்கு முன்னால ரெண்டு சொட்டுக் கண்ணீர் இல்ல. மூஞ்சி கழுவிட்டு வரான் துரை' என்று இவர் நினைத்துக்கொண்டார். பிள்ளை அரைமணி நேரம் குழாயைத் திறந்துவிட்டு எதற்காக நின்றான் என்று யோசிக்கிற புத்தி கோபக்காரனுக்கு எங்கே வரும்? வாய் அன்றைக்குப் பூட்டிக்கொண்டதுதான்.

தரை கழுவாமல் கிடப்பதை ரோஸ்லின் எல்வினிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வந்தாள். "நீ சொல்லக்கூடாது. அவனா கேக்கணும்" என்று அண்ணன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். எல்வினோ, அப்பா எப்போது தன்னைப் பிடித்துத் திட்டுவார், திட்டி முடித்தபிறகாவது காலில் விழலாம் என்று காத்துக்கொண்டிருந்தான். ஊரில் சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்துகொண்டிருந்தது. இந்த இரண்டு தலையும் சாய்கிற வழியாக இல்லை. ஜனவரி இரண்டாம் தேதி விடியற்காலையில் திருச்சி விமான நிலையத்துக்குக் கார் சொல்லியாயிற்று. போனால் அடுத்து எத்தனை வருஷமோ. அதுவரை தனக்கு உயிர் இருக்கிறதோ என்னவோ என்று பெரியநாயகசாமிக்கு ஒரு பயம். பயம் வந்தால் மட்டும் வாய் திறந்துவிடுமா?

இந்த வீட்டில் அவர் தாராளமாகப் பேசியது மருமகளிடம்தான். யாரிட்ஸாவுக்குத் தமிழில் 'மாமா', 'சாப்டாச்சா', 'போதும்', 'கஷ்டம்' என்று நாலு வார்த்தை. இவருக்கு இங்கிலீஷில் மோட்டார் கடை வார்த்தைகள். "வோல்டேஜ் லோ. சாப்பாடு ஃபுல் லோடு" என்பார். அவள் சிரிப்பாள். துக்க வருஷம் என்று அந்த வீட்டில் ஸ்டார் கட்டவில்லை, கேக் வாங்கவில்லை, வாசலில் கோலம்கூட இல்லை. அவள் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலையில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு துடைப்பத்தை எடுத்துவிட்டாள்.

"பழைய வருஷம் போறதுக்குள்ள அங்க மூல முடுக்கு விடாம வீட்டத் தொடச்சிடுவாங்கத்த. அழுக்க அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகக் கூடாதாம்" என்று எல்வின் ரோஸ்லினிடம் சொன்னான். நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி பெரியநாயகசாமியும் கேட்டுக்கொண்டிருந்தார். அடுக்களை, அறைகள், கொல்லைத் தாழ்வாரம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு யாரிட்ஸா ஈரத்துணியோடு ஹாலுக்கு வந்தாள். பேப்பர் கீழே விழுந்தது. "நோ, நோ! ஹால் நோ வாட்டர்!" என்று இவர் கையை விரித்துக்கொண்டு எழுந்தார். அவள் தரையிலிருந்த வெள்ளை வட்டங்களைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "ஓகே மாமா" என்று துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். எல்வினும் அப்போதுதான் அந்த ஆறு வட்டத்தையும் முழுசாகப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். அப்பா பேப்பரைப் பொறுக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

மத்தியானம் நாகம்மாள் தன் வரப்பில் காய்த்த பச்சைத் துவரையை ஒரு முறம் உரித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். துவரை இல்லாமல் அந்தத் தீவில் பண்டிகைச் சோறு கிடையாதாம். யாரிட்ஸா துவரையையும் பன்றிக்கறியையும் அரிசியோடு போட்டு ஒரு சோறு ஆக்கினாள். சட்டியின் அடியில் முறுகிப் பிடித்ததைச் சுரண்டி மாமனார் தட்டில் முதலில் வைத்தாள். அதுதான் அங்கே மரியாதையாம்.

"தொவரையில சாம்பார் வைப்பாங்க. சோறா ஆக்குவாங்க?" என்று கேட்டுக்கொண்டே பெரியநாயகசாமி இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார். "அருளு இருந்தா இந்நேரம் கைப்பக்குவம் கேட்டு எழுதிவச்சிருப்பா" என்று வாய்வரை வந்தது. எதிரில் எல்வின் உட்கார்ந்திருந்தான். சோற்றோடு சேர்த்து முழுங்கிவிட்டார்.

"அப்பறம் என்னடா பண்ணுவாங்க, அத சொல்லு" என்று ரோஸ்லின் கேட்டாள்.

"மணி பன்னெண்டு அடிக்கும்ல, அடிக்கு ஒன்னா பன்னெண்டு திராட்ச திங்கணும். சில பேரு வெறும் பெட்டிய எடுத்துக்கிட்டுத் தெருவச் சுத்தி வருவாங்க, அந்த வருஷம் நெறைய பிரயாணம் கெடைக்கும்னு. அப்பறம்தான் பெரிய கூத்து. ஒரு வாளித் தண்ணிய வீட்டுக்குள்ளேருந்து வெளியில வீசுவாங்க. மாடியிலேருந்துகூட. ரோட்டுல போறவன் தலையில விழுந்தாலும் சிரிச்சிக்கிட்டுப் போயிடுவான். அந்த வருஷத்துக் கஷ்டமெல்லாம் தண்ணியோட வெளிய போயிடும்னு ஒரு நம்பிக்க."

ரோஸ்லினுக்கு முகம் மாறிவிட்டது. "வீட்டுக்குள்ளேருந்தா? அய்யய்யோ, இங்க அதெல்லாம்..."

"தெரியும்த்த. கொல்லப்பக்கமா ஊத்திக்கன்னு சொல்லிருக்கேன்."

"ஏன்னு சொன்னியா?"

எல்வின் எங்கே சொன்னான்? ஏன் என்று விளக்கினால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன நாளைச் சொல்ல வேண்டும். அந்த நாளைப் பற்றி இந்த வீட்டில் யார் பேச்செடுத்தார்கள், அவன் எடுப்பதற்கு?

இரவு எல்லோரும் மாதா கோயிலுக்குப் போய்ப் புத்தாண்டுப் பூசை பார்த்தார்கள். பூசையில் 'சமாதானம் செய்துகொள்ளுங்கள்' என்று சாமியார் சொன்னபோது பெரியநாயகசாமி முன்வரிசை, பின்வரிசை, தூணோரம் நின்ற கிழவர் எல்லாருக்கும் கும்பிடு போட்டார். வலது பக்கம் நின்ற மகனுக்கு மட்டும் போடவில்லை. கை பாதிவரை எழுந்தது என்பது அவருக்கும் மாதாவுக்கும்தான் தெரியும்.

ஊருக்குப் புத்தாண்டு பிறந்தாயிற்று. யாரிட்ஸாவுக்கு இன்னும் பிறக்கவில்லை. அவள் தீவில் நடுராத்திரி ஆக வேண்டுமே. ஜனவரி முதல் தேதி காலை ஒன்பது மணிக்கே அவள் பரபரக்க ஆரம்பித்தாள். திருவிடைமருதூரில் வாங்கிய பன்னீர் திராட்சையை ஆளுக்குப் பன்னிரண்டாக எண்ணிக் கிண்ணத்தில் வைத்தாள். விடியோவில் அவள் அம்மா வந்துவிட்டாள். தடித்த, சிவந்த, சிரித்த முகம். பின்னால் ஒரே சத்தம், வெடி, மேளம், யார் யாரோ வந்து கையாட்டிவிட்டுப் போனார்கள். கொல்லைப்பக்கம் ஊற்றப்போவதாக யாரிட்ஸா சொன்னாளோ இல்லையோ, அந்த அம்மாள் போனுக்குள்ளிருந்து கத்தினாள். எல்வின் தலையைச் சொறிந்துகொண்டே அத்தைக்கு மொழிபெயர்த்தான்: "கொல்லையில ஊத்துனா கஷ்டம் வீட்டுக்குப் பின்னாலயே நின்னுடுமாம். முன்வாசல்தானாம்."

"ஒங்க மாமியா வாயும் சின்னதில்லடா" என்றாள் ரோஸ்லின்.

"சரி, வாசப்படியில நின்னு தெருப்பக்கமா ஊத்தட்டும்த்த. உள்ளேருந்து வேணாம்" என்று சொல்லிவிட்டு எல்வின் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நின்றான். மாமியார் கண்ணாரப் பார்க்க வேண்டுமாம். ரோஸ்லின் திராட்சைக் கிண்ணத்தோடு அவன் பக்கத்தில் போய் நின்றாள். பக்கத்து வீட்டு வாசலில் நாகம்மாள் போட்ட மார்கழிக் கோலம், நடுவில் சாணிப் பிள்ளையாரும் பூசணிப்பூவும். அவளும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

பெரியநாயகசாமி ஹாலில் நாற்காலியில் இருந்தார். வாசலுக்கு நேராக மகன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அன்றைக்கும் போன், இன்றைக்கும் போன் என்று நெஞ்சு கசந்தது. அப்போது கொல்லைப்பக்கத்திலிருந்து யாரிட்ஸா வந்தாள். கையில் பெரிய வாளி, விளிம்பு தளும்பத் தண்ணீர். வாசற்படிக்குப் போவாள் என்று பார்த்தால், ஹால் நடுவிலேயே நின்றுவிட்டாள். வீட்டின் நடுவிலிருந்து போனால்தானே கஷ்டம் முழுசாகப் போகும்? தரையில் ஒரு சொட்டுப் படாமல் வாசலைத் தாண்டி வீசிவிடலாம் என்றுதான் நினைத்தாள், பாவம். மெழுகு வட்டங்களை மிதிக்காமல் கவனமாகக் காலை ஊன்றினாள். தெருவில் போனுக்குள் எண்ணிக்கை கேட்டது. பெரியநாயகசாமி எழுந்தார். 'வேணாம்மா' என்று சொல்ல வேண்டும். பத்து நாளாகப் பேச்சைத் தூக்கிக்கொண்டு போக ரோஸ்லின் இருந்து பழகிவிட்டதோ என்னவோ, கண் தெருவில் நின்ற ரோஸ்லினைத்தான் தேடியது.

யாரிட்ஸா வாளியை வீசினாள். ரொட்டி மாவு பிசைந்த கைதான், ஆனாலும் வாளி பெரிது, கை வழுக்கிவிட்டது. பாதித் தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவில் விழுந்தது. மீதிப் பாதி அப்படியே ஹாலில் கொட்டி, ஆறு வட்டத்தையும் மூடிக்கொண்டு, அவர் காலை நனைத்துவிட்டு, நிலைப்படி ஏறி, படியில் இறங்கி, நாகம்மாள் கோலத்தைக் கலைத்துப் பூசணிப்பூவை அடித்துக்கொண்டு போயிற்று.

"அடி பாவி மவளே!" என்று நாகம்மாள் அலறினாள். "நல்ல நாளும் அதுவுமா பொணம் எடுத்த வீடாட்டம் கழுவி உடுறியே!"

ரோஸ்லின் மார்பில் கையை வைத்துக்கொண்டாள். போனில் அந்தத் தீவே ஆரவாரம் போட்டது. எல்வின் போனை இறக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியேறி ஓடிவந்தான். வந்த வேகத்தில் அவள் பாஷையில் சத்தம் போட்டான். யாரிட்ஸாவுக்கு ஒன்றும் புரியவில்லை. காலி வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஈரமான தரையையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "மாமா, கஷ்டம்... கஷ்டம் போ..." என்று வாசலைக் காட்டினாள். அதற்குமேல் தமிழ் இல்லை அவளிடம்.

"அவள ஏண்டா திட்டுற?"

ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியநாயகசாமி மகனை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ செஞ்சது நீ செய்ய வேண்டியது. ஏழு மாசமா இந்த வீடு ஒனக்காகக் காத்துக்கெடக்கு. ஒங்கம்மாவத் தூக்குன அன்னையிலேருந்து இந்தத் தரையில தண்ணி படல. நீ வந்து ஊத்தணும்னு வச்சிருந்தேன். வந்தவன் ஒரு வார்த்த கேட்டியாடா? அம்மா எங்க கெடந்தா, யாரு தூக்குனா, யாரு மண்ணு போட்டான்னு?"

எல்வின் தரையைப் பார்த்தான். தண்ணீர் வடிந்த இடத்தில் ஆறு வட்டமும் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. பக்கத்துக்கு மூன்றாக இரண்டு வரிசை. நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு வெறும் இடம். அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்படிப்பா கேப்பேன்? எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு கேப்பேன்? அன்னைக்கு லைன் கட்டானப்பறம் விடியற வரைக்கும் அந்த போனையே பாத்துக்கிட்டு உக்காந்துருந்தேன். நீங்க அடிச்சாலாவது நல்லாருக்கும்னு இருந்துச்சி. நீங்க பேசவே இல்ல." அவன் விசும்பினான். "வந்த அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருந்தா இந்தக் கையால கழுவிருப்பேனே. ஏம்ப்பா சொல்லல?"

ஏன் சொல்லவில்லை? நல்ல கேள்வி. பெரியநாயகசாமிக்குப் பதில் தயாராகத்தான் இருந்தது, ஏழு மாதமாக ஊருக்கெல்லாம் சொன்ன பதில். சொல்ல வாயெடுத்தவர் குனிந்து பார்த்தார். காலடியில் ஈரம் சில்லென்று இருந்தது. பிள்ளை வராதபோது பிள்ளை வரட்டும் என்றார். பிள்ளை வந்தபிறகு அவன் கேட்கட்டும் என்றார். கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லித் தள்ளிப் போட்டிருப்பார். அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஒனக்காகன்னு சொன்னதெல்லாம் பொய்யிடா" என்றார். "எனக்காகத்தான். தண்ணிய ஊத்திக் கழுவிட்டா அவ போயிடுவாளேன்னுதான். அவ இல்லாம எனக்கு இந்த வீட்டுல இருக்கத் தெரியலடா எல்வினு."

எல்வின் எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். அவன் அப்பாவைவிட ஒரு சாண் உயரம். கிழவர் தலை அவன் தோளில் இடித்தது. ரோஸ்லின் திராட்சைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே அழுதாள். என்ன ஏது என்று தெரியாமல் யாரிட்ஸாவும் சேர்ந்து அழுதாள். கோலம் போன ஆத்திரத்தில் சண்டைக்கு வந்த நாகம்மாள், படியிலேயே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, பெரியநாயகசாமி உள்ளே போய்க் கடைப் பையைத் துழாவி, காயில் கம்பியில் வார்னிஷ் சுரண்டுகிற சின்னக் கத்தியை எடுத்துவந்தார். மகன் கையில் கொடுத்தார்.

"மேலால இழுக்காத. தர கீறிக்கும். அடியில குடுத்து மெதுவா நெம்பு."

எல்வின் மண்டியிட்டு நெம்பினான். பள்ளிக்கூட நாளில் கடையில் உட்கார்ந்து கம்பி சுரண்டிய கை அது, மறக்கவில்லை. ஒவ்வொரு வட்டமும் உடையாமல் பெயர்ந்து வந்தது. ஆறையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். "ஒன்னு நான் எடுத்துக்கவாப்பா?"

"ஆறையும் எடுத்துக்க. நீ கொளுத்த வேண்டிய திரி அது. அங்க ஒங்க கோயில்ல உருக்கி ஏத்து."

பிறகு எல்வின் ஊற்றினான். அடுக்களை வாசலிலிருந்து ஆரம்பித்து வாளி வாளியாக. யாரிட்ஸா குழாயில் பிடித்துக் கொடுக்க, ரோஸ்லின் துடைப்பத்தால் தள்ள, தண்ணீர் நிலைப்படியைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. எதற்காக இத்தனை வாளி என்று எல்வின் அவளிடம் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அவள் ஒவ்வொரு வாளிக்கும் ஒருதரம் சிலுவை போட்டுக்கொண்டாள். சட்டைப்பையில் கிடந்த போனில் சத்தம் எப்போதோ அடங்கியிருந்தது. எடுத்துப் பார்த்தால் அந்த அம்மாள் இன்னும் லைனில்தான் இருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கடைசி வாளியை எல்வின் அப்பாவிடம் நீட்டினான். "இது நீங்க ஊத்துங்கப்பா."

முப்பத்திரண்டு வருஷமாக அவர் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் அருள்மேரி இந்த நிலைப்படியில் நின்று, "போயிட்டு வாங்க" என்பாள். அவர் வண்டிச் சாவியைத் தேடுகிற அவசரத்தில் ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னதில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று கத்தினாரே தவிர, அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வாளியை வீசாமல், நிலைப்படிக்கு மேலே சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றினார். தண்ணீர் படியிறங்கித் தெருவோரம் ஓடி, வாய்க்கால் பக்கம் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"போயிட்டு வா, அருளு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் திராட்சை தின்றார். பன்னிரண்டையும் தான் ஒருத்தரே தின்ன வேண்டுமா என்று மருமகளிடம் கேட்டு, ஆமாம் என்று அவள் தலையாட்ட, ஒவ்வொன்றாக வாயில் போட்டுக் கொட்டையைத் தெருவில் துப்பினார். நாகம்மாள் அழிந்துபோன கோலத்தை மறுபடி போட்டுவிட்டு, மிச்சமிருந்த மாவோடு இந்தப் பக்கம் வந்து, "ஒங்க வாசல்லயும் ரெண்டு இழ போட்டுடவாண்ணே?" என்று கேட்டாள். உள்ளே மாலை போட்ட படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, போடு என்று கையைக் காட்டினார். ஹால் தரை காற்றில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் நடுவில் நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு காரு எத்தன மணிக்கு வருது?" என்று கேட்டார்.

அடுக்களையிலிருந்து ரோஸ்லின் பழக்கத்தில் குரல் கொடுத்தாள். "நாலு மணிக்காம்ண்ணே!"

"ஒன்ன யாரு கேட்டா? நான் எம்மவன்ட்ட கேட்டேன்."